பீப்பாயில் முதிர்ந்த பெல்ஜிய ஏல் – கடிதம்

வணக்கம்.

ஏல் என்ற பீர் வகையில் பெல்ஜிய பாணி ஏல்களின் சுவையைத் தீர்மானிப்பது முளைகட்டிய தானியமான மால்ட்டோ, கசப்புத் தரும் ஹாப்ஸ் மலரோ அல்ல, நொதிக்கவைக்கும் ஈஸ்ட்தான் என்று தாங்கள் முன்பு எழுதியிருந்தீர்கள். அண்மையில், போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயில் ஓராண்டு முதிரவைத்த, குவாட்ரூபல் என்ற அடர்ந்த வகை ஏல் ஒன்றைச் சுவைத்தேன். ஆல்கஹால் 12 சதவீதம். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்றினேன். நுரை எழுந்த வேகத்திலேயே அடங்கிவிட்டது. முதல் மிடறில் வெனிலா, தேங்காய், ஆல்கஹாலின் சூடு ஆகியவை தவிர வேறெதுவும் தெரியவில்லை. அரைமணி நேரம் கழித்து அதே கோப்பையில் உலர்திராட்சை, அத்திப்பழம், கருகிய சர்க்கரை, கொஞ்சம் கிராம்பு எல்லாம் வந்தன. முடிவில் மெல்லிய புளிப்பு. வாழைப்பழ மணம் கடைசிவரை வரவேயில்லை. அந்தக் கிராம்பு ஈஸ்ட் தந்ததா, மரம் தந்ததா? புளிப்பு ஒரு பழுதா? ஈஸ்ட்தான் முதன்மை என்றால் அதைப் பீப்பாய்க்குள் போட்டு மறைப்பானேன்? இன்னொரு பாட்டில் இருக்கிறது, அதை வைத்திருக்கலாமா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

ஈஸ்ட்டைப் பீப்பாய்க்குள் போட்டு மறைப்பானேன் என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்றவற்றுக்கான விடைகள் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கின்றன.

எல்லாப் பெல்ஜிய ஏலும் பீப்பாய்க்கு உகந்ததல்ல என்பது என் உறுதியான கருத்து. வெஸ்ட்மால் டிரிப்பல், டூவல் போன்ற வெளிர்நிற ஏல்கள் தங்கள் உயிரைப் புத்துணர்விலும், நிறைந்த நுரையிலும், இனிப்பு எஞ்சாத வறண்ட முடிவிலும் வைத்திருப்பவை. அவற்றின் மீது மரத்தின் வெனிலா ஏறினால் இரண்டும் ஒட்டாமல் தனித்தனியே நிற்கும். ரோஷ்ஃபோர் 10, வெஸ்ட்ஃப்ளெட்டெரன் 12 ஆகியவற்றின் வழியில் வரும் அடர்நிற ஏல்களின் நிலை வேறு. கருக்கிய பீட் கிழங்குச் சர்க்கரைப் பாகும் மால்ட்டும் சேர்ந்து அவற்றில் உலர்பழங்களின் சுவையை ஏற்கெனவே உருவாக்கியிருக்கின்றன. பாட்டிலில் கிடக்கக் கிடக்க அந்தச் சுவை ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயினின் பக்கம் நகர்கிறது. பீப்பாய் செய்வது பெரும்பாலும் அந்தத் திசையிலேயே அதை விரைவாக அழைத்துச் செல்வதுதான். குவாட்ரூபல் என்ற பெயரை 1991-இல் நெதர்லாந்தின் கோனிங்ஸ்ஹூவன் மடம் தன் லா டிராப் ஏலுக்குச் சூட்டியது. அதே ஏலை அவர்கள் ஓக் பீப்பாய்களில் முதிரவைத்து, ஒவ்வொரு தொகுதிக்கும் எண்ணிட்டு, எந்தெந்தப் பீப்பாய்களின் கலவை அது என்பதையும் வெளியிடுகிறார்கள். ஒரே ஏல் வெவ்வேறு மரங்களில் எவ்வளவு விலகிப்போகிறது என்று அறிய விரும்புபவர்களுக்கு அதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

பீப்பாய் ஏலுக்கு மூன்று விதங்களில் தன்னைத் தருகிறது. முதலாவது மரத்தின் சாரம். ஓக் மரத்தைத் தீயில் வாட்டும்போது அதற்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் சிதைந்து வெனிலின் பிறக்கிறது. லாக்டோன்கள் தேங்காய் மணத்தைத் தருகின்றன, ஐரோப்பிய ஓக்கைவிட அமெரிக்க வெள்ளை ஓக்கில் இவை மிகுதி. இரண்டாவது, முன்பு அதில் இருந்த மதுவின் எச்சம். போர்பனைப் புதிய, உட்புறம் கரித்த ஓக் கலன்களில்தான் முதிரவைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஒருமுறை பயன்பட்ட பீப்பாய் மறுமுறை போர்பனுக்கு உதவாது என்பதால்தான் அவை பீர் வடிப்பவர்களுக்கு இவ்வளவு தாராளமாகக் கிடைக்கின்றன. ஏறத்தாழ 200 லிட்டர் கொள்ளும் அப்பீப்பாயின் பலகைகளுக்குள் லிட்டர் கணக்கில் போர்பன் ஊறிக்கிடக்கும். உள்ளே போகும் ஏலின் ஆல்கஹால் அளவு வெளியே வரும்போது கூடியிருப்பது அதனால்தான். நீங்கள் முதல் மிடறில் உணர்ந்த சூட்டில் ஒரு பங்கு அதற்குரியது.

மூன்றாவது, பலகையின் நுண்துளைகள் வழியாகவும் இடுக்குகள் வழியாகவும் மெல்ல உள்ளே வரும் ஆக்சிஜன். நான் மிகவும் மதிப்பது இதைத்தான். வெனிலாவை ஓக் சீவல்களைப் போட்டுக்கூடக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் அத்திப்பழமும் பேரீச்சையும் கொட்டைப்பருப்பின் வாசமும் ஒன்றாகக் கூடி, இனிப்பு தன் பிசுபிசுப்பை இழந்து ஆழமாக மாறும் அந்த நிலை, மாதக்கணக்கில் துளித்துளியாக நிகழும் ஆக்சிஜனேற்றத்தால் மட்டுமே வருவது. இதுவே அளவு மீறினால் நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை வந்துவிடும். அரைமணி நேரத்துக்குப் பிறகு உங்களுக்கு வந்த உலர்திராட்சையும் அத்திப்பழமும், அதை வடித்தவர் அந்த எல்லைக்கு முன்பே பீப்பாயைத் திறந்துவிட்டார் என்பதைக் காட்டுகின்றன.

வாழைப்பழத்துக்கு வருகிறேன். அந்த மணத்தைத் தருவது நொதித்தலின்போது ஈஸ்ட் உண்டாக்கும் ஐசோஅமைல் அசிட்டேட் என்ற எஸ்டர், அதாவது பழமணம் தரும் சேர்மம். அது நிலையானதல்ல, காலப்போக்கில் நீராற்பகுக்கப்பட்டுக் குறைந்துகொண்டே வரும், எஞ்சியிருக்கும் ஈஸ்ட்டின் நொதிகளும் அதை விரைவுபடுத்தும். எனவே ஓராண்டு பீப்பாயில் இருந்த ஏலில் வாழைப்பழம் இல்லாதது இயல்பு. இளம் ஏலின் பழமணத்தைக் கொடுத்துத்தான் முதிர்ந்த ஏலின் பழமணத்தைப் பெற முடியும். அந்த மாற்று நல்ல மாற்றா என்பதே இவ்வகை ஏல் ஒவ்வொன்றிலும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி என்று நினைக்கிறேன்.

கிராம்பைப் பற்றிய உங்கள் ஐயம் மிக நுட்பமானது. ஏனெனில் இருவருமே அதைத் தருகிறார்கள். மால்ட்டில் உள்ள ஃபெருலிக் அமிலத்தை ஈஸ்ட் கிராம்பு மணமுள்ள 4-வினைல்குவையகால் ஆக மாற்றுகிறது. ஓக் மரத்தில் யூஜினால் இருக்கிறது, உண்மையான கிராம்பின் மணப்பொருளும் அதுவே. என் அனுபவத்தில் இரண்டையும் பிரித்தறிய உதவுவது அவை வரும் நேரம். ஈஸ்ட்டின் கிராம்பு, ஊற்றிய உடனே வாயுக்குமிழிகளோடு மேலெழுந்து மூக்குக்கு வரும். மிளகின் ஒரு கீற்றும் அதனுடன் இருக்கும். மரத்தின் கிராம்பு விழுங்கிய பிறகு, வெனிலாவோடும் நாவின் ஓரங்களில் படியும் துவர்ப்போடும் சேர்ந்து வரும். கோப்பையைக் காலி செய்து சிறிது நேரம் வைத்திருந்து முகர்ந்து பாருங்கள். வெனிலின் எளிதில் ஆவியாவதில்லை. ஆவியாகக்கூடியவை போனபின் கண்ணாடியில் தங்குவது பெரும்பாலும் மரமும் காய்ந்த மால்ட்டும்தான். அங்கும் கிராம்பு இருந்தால் அது ஓக்குக்கே உரியது என்று நான் எடுத்துக்கொள்வேன். நீங்கள் விவரித்த கிராம்பு பிந்தி வந்ததால், மரத்தினுடையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதில் இன்னொரு சாத்தியமும் உண்டு. மரத்தின் துளைகளில் பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட் குடியிருக்கக்கூடும். முதல் ஈஸ்ட் உருவாக்கிய கிராம்பு மணப்பொருளையே எடுத்து அது 4-எத்தில்குவையகால் ஆக்கும். அப்போது கிராம்பு மெல்ல மெல்லப் புகையாகவும், அதே வகைச் சேர்மமான வேறொரு ஃபீனால் அதே வழியில் மாறுவதால் தோலாகவும் குதிரைச் சேணமாகவும் உருமாறும். ஓர்வால் மடத்தின் ஏலில் இந்த ஈஸ்ட் திட்டமிட்டே சேர்க்கப்படுகிறது. அங்கே அது அழகு. அடர்ந்த குவாட்ரூபலில் அது தலைதூக்கினால், எஞ்சிய சர்க்கரையை அது தின்றுவிடுவதால் ஏலின் அடர்த்தி மெலிந்து வறண்டுவிடும். உங்கள் கடிதத்தில் புகையோ தோலோ இல்லை என்பதால் இதை இத்துடன் விடுகிறேன்.

புளிப்புக்கு ஒரே விடை சொல்ல இயலாது, ஆனால் நீங்களே கண்டறிந்துவிடலாம். லாக்டிக் அமிலம் ஆவியாவதில்லை. அது நாவில் மட்டும் மிருதுவாகத் தெரியும், மூக்குக்கு எதுவும் வராது. அசிட்டிக் அமிலமோ ஏல் சற்று சூடேறியதும் மூக்கைக் குத்தும், தொண்டையில் கீறும். அதனுடன் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடையும் சேர்ந்தால், பீப்பாயின் மேற்புறத்தில் காற்று தங்கி அசிட்டிக் பாக்டீரியா பெருகியிருக்கிறது என்று பொருள். பெல்ஜியத்தின் ரூசலாரே நகரத்து ரோடன்பாக் ஆலை மாபெரும் ஓக் கலன்களில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் முதிரவைக்கும் செந்நிற ஏலில் இந்த வினிகர்த்தன்மைக்கும் இடம் உண்டு. அந்த மரபு முழுவதும் புளிப்பை மையமாகக் கொண்டே வளர்ந்தது. குவாட்ரூபலுக்கு அந்த உரிமை இல்லை. இனிப்பின் கனத்தைக் கொஞ்சம் தூக்கிவிடும் மெல்லிய லாக்டிக் புளிப்பை நான் வரவேற்பேன். மூக்குக்கு எட்டும் புளிப்பு, எவ்வளவு குறைவாக இருந்தாலும், இந்த வகையில் பழுதுதான். நீங்கள் நாவில் மட்டுமே உணர்ந்ததாகத் தோன்றுகிறது. அப்படியானால் கவலை வேண்டாம்.

நுரை அடங்கியதற்குக் காரணம் பெரும்பாலும் பீப்பாயே. அதில் கிடக்கும் ஏல் தன் வாயுவை இழந்துவிடுகிறது. பாட்டிலில் புதிய ஈஸ்ட்டும் சர்க்கரையும் சேர்த்து மீண்டும் நொதிக்கவிட்டாலும், 12 சதவீத ஆல்கஹாலில் அந்த ஈஸ்ட் திணறும். மிகுந்த ஆல்கஹால் தன்னளவிலேயே நுரையைக் குலைக்கும். இதை நான் சிறு குறையாகக் கருதவில்லை, ஏனெனில் பெல்ஜிய ஏலின் கனத்தை நாவிலிருந்து தூக்குவது அந்த வாயுதான். வாயு குறைந்த குவாட்ரூபல் எவ்வளவு நல்ல மரத்தில் இருந்திருந்தாலும் ஒரு கோப்பைக்குமேல் செல்லாது. மரம் வாயுவை எடுத்துக்கொண்டது தெரியாத அளவுக்கு அதைத் திருப்பித் தரும் திறமைதான், இவ்வகை ஏலில் நல்லவரையும் மிகச் சிறந்தவரையும் பிரிப்பது.

நீங்கள் மிகவும் குளிரவைத்து ஊற்றினீர்கள். 4 டிகிரியில் எஸ்டர்கள் மேலெழுவதில்லை. நாவில் எஞ்சுவது மரத்தின் அழுத்தமும் ஆல்கஹாலின் எரிவுமே. அடுத்தமுறை முன்கூட்டியே வெளியே எடுத்துவைத்து, 12 முதல் 14 டிகிரியில், வாய் குறுகிய கோப்பையில் பாதிக்கும் குறைவாக ஊற்றுங்கள். முதல் மணத்தை, கோப்பையைச் சுழற்றாமல், நுரை அடங்குவதற்குள் எடுங்கள். ஈஸ்ட் சொல்ல வேண்டியதில் எஞ்சியிருப்பதெல்லாம் அந்தச் சில நொடிகளில்தான் கேட்கும். அங்கே வெனிலா மட்டுமே இருந்தால், அது ஏல் என்ற நிலையைத் தாண்டிப் போர்பனின் சாயலாகிவிட்டது என்று தயங்காமல் எழுதிவைக்கலாம். பெல்ஜியத்தின் ஷிமேயில், கிராண்ட் ரிசர்வ் என்ற தங்கள் அடர்நிற ஏலின் ஒரு வடிவத்தைப் பீப்பாய்க்குள்ளும் நொதிக்கவிடுகிறார்கள். ஈஸ்ட்டும் மரமும் சேர்ந்து வேலை செய்யும் அந்த முறை, முடிந்த ஏலைப் பிறகு பீப்பாயில் ஊற்றுவதைவிட மேலானது என்பது என் எண்ணம்.

இரண்டாவது பாட்டிலைப் பல ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்லமாட்டேன். பாட்டிலில் வெனிலா எளிதில் மங்குவதில்லை, ஆனால் ஈஸ்ட் தந்தவை மங்கிக்கொண்டே போகும்; ஏற்கெனவே மரம் மேலோங்கியிருக்கும் ஏலில் காத்திருப்பு மரத்துக்கே சாதகம். ஒளிபடாத, வெப்பம் மாறாத இடத்தில் நிமிர்த்தி வைத்து, இந்த ஆண்டுக்குள் திறந்துவிடுங்கள். புளிப்பு மூக்குக்கு வருகிறதா என்பதை அப்போது பார்த்து எழுதுங்கள்.