அழுகும் வரிசையில் சமையுங்கள்

கேள்வி: மதுரை அண்ணா நகரில் இருக்கிறோம். நான், கணவர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், மாமியார். நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம். ஞாயிற்றுக்கிழமை வாரத்துக்கும் சேர்த்துக் காய் வாங்கி ஃப்ரிட்ஜை நிரப்புகிறேன். வியாழக்கிழமை பார்த்தால் பாதி அழுகிக் கிடக்கிறது, வெள்ளிக்கிழமை ராத்திரி வெளியில் ஆர்டர் போடுகிறோம். பலசரக்கு பில் ஏறுகிறது, சிலிண்டர் ஒரு மாதம்கூட வருவதில்லை. வீடியோக்களில் சொல்வதுபோல ஞாயிற்றுக்கிழமையே வாரம் முழுவதற்கும் சமைத்து டப்பாவில் அடைத்துவிடலாமா? மிஞ்சியதை மறுநாள் வைத்தால் கணவர் "இவ்வளவு கஞ்சத்தனம் ஆகாது" என்கிறார். என்ன செய்வது?
— பெயர் வேண்டாம், மதுரை

பதில்: உங்கள் கடிதத்தில் விஷயமே அந்த வியாழக்கிழமையில்தான் இருக்கிறது. காய்க்குக் காசு கொடுத்தாயிற்று, அது குப்பைக்குப் போகிறது, அது போனதால் வெள்ளிக்கிழமை வெளியில் இன்னொரு தடவை காசு கொடுக்கிறீர்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இரண்டு செலவு. எந்தக் கடையில் எண்ணெய் பத்து ரூபாய் குறைச்சல் என்று அலைவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், முதலில் இந்த ஓட்டையை அடைப்போம்.

"திங்கள் சாம்பார், செவ்வாய் காரக்குழம்பு" என்று தாளில் எழுதி ஒட்டிவிட்டு அதற்குக் காய் தேடுகிற வழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது, அநேகமாக உங்கள் வீட்டிலும் இருக்கும். அதைக் கிழித்துப் போடுங்கள். எது முதலில் அழுகுமோ அதை முதலில் சமைக்க வேண்டும், அவ்வளவுதான். கீரையும் வாழைப்பூவும் வாங்கிய அன்றைக்கே அல்லது மறுநாள். அடுத்து வெண்டை, கத்தரி, பீர்க்கு, புடலை, அவரை. அதற்குப் பிறகு பீன்ஸ், கேரட், கோஸ், சௌசௌ. சேனை, கருணை, உருளை எல்லாம் கடைசி, அவை எங்கும் ஓடிவிடாது. (பூசணி முழுசாக இருந்தால்தான் கடைசி. கீற்று வாங்கினால் அது கீரை மாதிரி அவசரக் கேஸ்.) ஞாயிற்றுக்கிழமை அலுப்பில் உருளைக்கிழங்கு வறுவல், திங்கள் மறுபடி உருளை மசாலா என்று நீங்கள் ஓட்டும்போது உள்ளே கீரை கறுத்துக்கொண்டிருக்கிறது, வெண்டைக்காய் முற்றிக்கொண்டிருக்கிறது. இந்த வரிசை ஒன்றைப் பிடித்துக்கொண்டால் வியாழக்கிழமை ஃப்ரிட்ஜில் கிழங்கும் கோஸும்தான் இருக்கும், அழுகுவதற்கு எதுவும் மிச்சம் இருக்காது.

இன்னொன்று, நீங்கள் எதற்காக ஒரு வாரத்துக்கும் ஒரே நாளில் வாங்குகிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையை 1999 நவம்பர் 14-ஆம் தேதி திறந்ததே உங்கள் அண்ணா நகரில்தான். காலை நேரத்திலேயே தினமும் நடக்கிற சந்தை, விலைப் பட்டியல் போர்டில் எழுதியிருக்கும், பேரம் பேசத் தெரியாத உங்கள் கணவரைக்கூட தைரியமாக அனுப்பலாம். ஞாயிறு கொஞ்சம், புதன் கொஞ்சம் என்று இரண்டாகப் பிரியுங்கள். புதன்கிழமைப் பை அவர் பொறுப்பு. அவருக்குக் கஞ்சத்தனம் பிடிக்காதல்லவா, சந்தைக்குப் போய் வந்தால் ஒரு கிலோ அவரைக்காய் என்ன விலை என்று தெரிந்துகொள்வார்.

வாங்கி வந்ததும் எல்லாவற்றையும் கழுவி அடுக்குகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஈரம்தான் அழுகலுக்கு முதல் காரணம். கொத்தமல்லியில் மஞ்சள் இலை, அழுகின தண்டைப் பொறுக்கி எடுத்துவிட்டு, வேரை நறுக்கி, உலர்ந்த துணியில் சுற்றி டப்பாவில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். பச்சை மிளகாய்க்குக் காம்பைக் கிள்ளிவிட வேண்டும். வெங்காயமும் உருளையும் ஒரே கூடையில் கிடக்கக் கூடாது, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உருளை சீக்கிரம் முளைவிடும். சமைக்கும்போது எதைத் தூக்கிப் போடுகிறோம் என்றும் கொஞ்சம் பாருங்கள். பீர்க்கங்காய்த் தோலை எண்ணெயில் நன்றாக வதக்கி, வறுத்த உளுந்து, வற்றல் மிளகாய், துளி புளி, கொஞ்சம் தேங்காய் வைத்து அரைத்தால் அந்தத் துவையலுக்கு முன்னால் பீர்க்கங்காய்க் கூட்டே தோற்றுப்போகும், இது என் தனிப்பட்ட கருத்து. சௌசௌ தோலும் இதே மாதிரிதான். முள்ளங்கி இலையைப் பாசிப்பருப்பு போட்டுப் பொரியல் செய்யலாம், காலிஃபிளவர் தண்டு சாம்பாருக்குப் போகும், மல்லித்தண்டு ரசத்துக்கு.

சரி, வீடியோ விஷயம். ஞாயிற்றுக்கிழமையே ஏழு நாளைக்கும் சமைத்து அடைப்பது நம் சாப்பாட்டுக்கு ஒத்துவராது. தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு ரொம்ப நாள் தாங்காது, பொரியல் தண்ணீர் விட்டுக்கொள்ளும், புதன்கிழமை அந்த டப்பாவைத் திறந்தால் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், அதுவும் குப்பைக்குத்தான் போகும். ஆனால் பாதி வேலையை முடித்து வைக்கலாம். புளியை மொத்தமாகக் கெட்டியாகக் கரைத்து, உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறியதும் பாட்டிலில் ஊற்றி வையுங்கள். தேங்காயைத் துருவி ஃப்ரீஸரில் போடுங்கள். சின்ன வெங்காயம் உரிக்க மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள், டிவி பார்த்துக்கொண்டே உரித்துவிடுவார்கள், ஆனால் கேளுங்கள், சொல்லாதீர்கள். தக்காளி மலிவாக இருக்கிற வாரம் இரண்டு கிலோ கூட வாங்கி, தண்ணீரே விடாமல் நல்லெண்ணெயில் சுண்ட வதக்கித் தொக்காக்கிவிட்டால், எண்ணெய் மேலே மிதக்கிற அந்தத் தொக்கு ஃப்ரிட்ஜில் ஒரு மாதம் தாராளமாக நிற்கும், தோசைக்கும் ஆச்சு, காலை டிபன் பாக்ஸுக்குத் தக்காளிச் சாதமும் ஆச்சு. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சென்னையில் ரேஷன் கடையில் வைத்து 60 ரூபாய்க்கு விற்றார்களே, அந்த மாதிரி நேரத்தில் தொக்கு வைத்திருக்கிற வீட்டுக்குப் பதற்றம் இல்லை.

மாவும் அப்படித்தான். பாக்கெட் மாவு வாங்குகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை, வாங்கினால் நிறுத்துங்கள். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். ரேஷன் புழுங்கலரிசியைப் பாதிக்குப் பாதி இட்லி அரிசியோடு கலந்து போட்டாலும் இட்லி நன்றாகவே வரும். முதல் இரண்டு நாள் இட்லி, அடுத்து தோசை, புளித்துப்போனதும் வெங்காயம் பச்சை மிளகாய் வதக்கிப் போட்டு ஊத்தப்பம் அல்லது குழிப்பணியாரம். ரேஷன் என்றதும் கேட்கத் தோன்றுகிறது, கார்டு இருந்தும் கௌரவம் பார்த்து வாங்காமல் இருக்கிறீர்களா? துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளியில் அந்தப் பருப்பு என்ன விலை என்று உங்கள் பில்லைப் பார்த்தாலே தெரியும்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. நேற்றைய சாம்பாரை அதே கிண்ணத்தில் அதே சோற்றுக்கு இன்றைக்கும் வைத்தால் யாருக்கும் சலிக்கும். மிஞ்சியது வேறு உருவில் வரவேண்டும். சாம்பார் மிஞ்சினால் மறுநாள் காலை இட்லிக்கு, சோறு மிஞ்சினால் புளிக்காய்ச்சல் போட்டுக் கிளறல் அல்லது தண்ணீர் ஊற்றிப் பழைய சோறு, புளிக்குழம்பு மிஞ்சினால் இன்னும் கொஞ்சம் சுண்டவைத்துத் தயிர்ச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள. அவர் மறுபடியும் கஞ்சத்தனம் என்றால், மீன் குழம்பு வைத்த மறுநாள் காலை யார் சட்டியை வழித்துச் சாப்பிட்டது என்று கேளுங்கள். அதே சமயம் சிலவற்றில் சிக்கனம் பார்க்கவே கூடாது. சோற்றை மதியத்திலிருந்து ராத்திரி வரை அப்படியே மூடி வெளியில் வைக்காதீர்கள், ஆறியதும் தண்ணீர் ஊற்றுங்கள் அல்லது ஃப்ரிட்ஜுக்குள் போகட்டும். தேங்காய்ச் சட்னி அன்றோடு சரி. அப்பளம் பொரித்த எண்ணெயை ஓரிரு நாளில் தாளிக்கப் பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள், அதையே மறுபடி மறுபடி காயவைத்துப் பொரிக்க வேண்டாம்.

சிலிண்டருக்கு வருகிறேன். 14.2 கிலோ கேஸ் ஐந்து பேருக்கு ஒரு மாதம் வரவில்லை என்றால், முதலில் குளிக்க வெந்நீர் கேஸில்தான் வைக்கிறீர்களா என்று பாருங்கள். அடுத்தது குக்கர். பெரிய தீயில் ஏழெட்டு விசில் விடுவது வீண். விசில் என்பது மிஞ்சிய ஆவி வெளியே போவதுதான், உள்ளே சூடு கிட்டத்தட்ட 120 டிகிரியில் நின்றுவிடும், அதற்குமேல் தீயைக் கூட்டினாலும் பருப்பு சீக்கிரம் வேகாது. முதல் விசில் வந்ததும் சிம்மில் வையுங்கள். பருப்பை அரை மணி, கொண்டைக்கடலையை ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். சோறும் பருப்பும் ஒரே குக்கரில் அடுக்கில் வேகட்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாலையும் குழம்பையும் கொஞ்சம் குளிர் விட்ட பிறகு அடுப்பில் ஏற்றுங்கள். சுடர் மஞ்சளாக எரிந்தால் பர்னர் அடைத்திருக்கிறது, சுத்தம் பண்ண வேண்டும். கரண்ட் அடுப்புக்கு மாறலாமா என்று யோசித்தால், முதல் 100 யூனிட் இலவசம் என்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே வேறு, உங்கள் வீட்டில் ஏசி ஓடினால் அது எளிதில் தாண்டும்.

கடைசியாக வெள்ளிக்கிழமை ராத்திரி. அதைக் காய் இல்லாத நாள் என்று முன்கூட்டியே முடிவு பண்ணிவிடுங்கள். தட்டைப்பயறுக் குழம்பு, முட்டைக் குழம்பு, சுண்டவத்தல் போட்டு வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும், இதற்கெல்லாம் ஃப்ரிட்ஜையே திறக்க வேண்டாம், அலமாரியில் இருக்கிற பலசரக்கு போதும். வெளியில் வாங்கவே கூடாது என்று மதுரைக்காரர்களிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வாங்குகிற வாரத்தில் பரோட்டாவை மட்டும் வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள், வெஞ்சனத்துக்கு வீட்டு முட்டைக் குழம்பு. இரண்டு பரோட்டா கூடவே வாங்கலாம், மறுநாள் பிய்த்துப் போட்டு முட்டையும் வெங்காயமும் மிஞ்சிய குழம்பும் சேர்த்துக் கொத்திவிட்டால் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை டிபன் முடிந்தது.