ஆண் தேனீக்கு அப்பா இல்லையா?

கேள்வி: உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகள், "ஆண் தேனீக்கு அப்பா கிடையாது, தாத்தா மட்டும் உண்டு" என்கிறாள். கேலி செய்கிறாளா? ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் எக்ஸ், ஒய் குரோமோசோம்கள் தேனீக்களுக்கும் உண்டுதானே?
- வாசகி, ஈசூன்

பதில்: கேலி இல்லைம்மா, உண்மைதான். எக்ஸ், ஒய் கதையே அங்கே கிடையாது. ராணி விந்தணு சேர்க்காமல் இடும் முட்டை ஆணாகிறது. அதற்கு அம்மா தரும் 16 குரோமோசோம்கள் மட்டும். விந்தணு சேர்ந்தால் 32, அது பெண். அப்பா இல்லாவிட்டாலும் அம்மாவைப் பெற்ற தாத்தா இருப்பார், இல்லையா? 1845-இல் சைலீசியாவின் (பெரும்பகுதி இன்று போலந்தில்) பாதிரியார் யான் ஜியெர்சோன் இதைச் சொன்னபோது பலர் ஒப்புக்கொள்ளவில்லை.

நம் புளோக்குகளின் பக்கம் மரப்பொந்துகளில் கூடு கட்டும் ஆசியத் தேனீயின் அடையைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஆண்களுக்கான அறைகள் சற்று அகலம். மூடியின் நடுவே குண்டூசி குத்தியதுபோல் ஒரு துளை. ராணி முன்னங்கால்களை உள்ளே விட்டு அறையை அளந்துவிட்டுத்தான் முட்டையிடும். அகலமான அறை என்றால் விந்தணுவை விடாது.

பெரும்பாலும் இதோடு கதையை முடித்துவிடுவார்கள். எனக்குப் பிடித்ததே இதற்கு அப்புறம் வருவதுதான். ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது குரோமோசோம் எண்ணிக்கை அல்ல, சி.எஸ்.டி. என்ற ஒரே மரபணு. 2003-இல் ஜெர்மன் ஆய்வாளர் மார்ட்டின் பையெ குழுவினர் அதைக் கண்டுபிடித்தார்கள். அதில் பல வகைகள் உண்டு. இரண்டு வெவ்வேறு வகை சேர்ந்தால் பெண். ஒன்றே ஒன்று இருந்தால் ஆண். கல்யாணத்துக்குக் கோத்திரம் பார்க்கிற மாதிரி, இரண்டும் ஒரே வகையாக இருக்கக் கூடாது. இருந்துவிட்டால் 32 குரோமோசோம் இருந்தும் அது ஆண்தான்! அந்தப் புழு முட்டையிலிருந்து வெளிவந்த சில மணி நேரத்தில் வேலைக்காரத் தேனீக்களே அதைத் தின்றுவிடும். போலந்து ஆய்வாளர் யெர்சி வொய்கே 1960களில் அப்படிப்பட்ட புழுக்களை எடுத்துத் தனியே வளர்த்து, ஆண்களாக்கிக் காட்டினார்.

தன்னிடமுள்ள இரண்டு வகைகளில் ஒன்றையே சுமக்கும் ஆணோடு ராணி சேர்ந்தால், அந்த ஆணால் கருவுறும் முட்டைகளில் பாதி வீண். அடையில் அங்கங்கே அறைகள் காலியாகக் கிடக்கும். பத்துக்கு மேற்பட்ட ஆண்களோடு ராணி சேர்வதால் இந்த நஷ்டம் பரவலாகிக் கூடு தப்பிக்கிறது.

2007-இல் ஆஸ்திரேலியாவின் கேர்ன்ஸ் நகரில் இதே ஆசியத் தேனீ குடியேறியது தெரியவந்தது. வந்தவை கொஞ்சம் என்பதால் அவற்றிடம் இருந்த சி.எஸ்.டி. வகைகளும் குறைவு. ஆனாலும் பெருகின. அரிய வகையைச் சுமப்பவைக்கு அதே வகை ஜோடியாக அமைவது அபூர்வம். அதனால் அவற்றின் வாரிசுகள் அதிகம் பிழைத்தன. சில ஆண்டுகளில் அரிய வகைகளும் மற்றவைக்குச் சமமாகப் பரவிவிட்டன.