அப்பாவின் ஹீலியோஸ் லென்ஸும் சோனி ஏ6400-உம்: கோபுரம் ஏன் மங்கலாக விழுகிறது?

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்:

"அப்பா வைத்திருந்த ஜெனித் கேமராவோடு ஹீலியோஸ் 44-2, 58 மி.மீ. லென்ஸ் கிடைத்தது. என்னிடம் சோனி ஏ6400 இருக்கிறது. 'எம்42–நெக்ஸ்' என்று போட்ட அடாப்டர் ஒன்றை ஆன்லைனில் வாங்கி மாட்டினேன். முதலில் ஷட்டரே அமுங்கவில்லை. பக்கத்தில் எடுக்கும் முகங்களில் பத்துக்கு ஏழு அவுட். தூரத்தில் இருக்கும் கோபுரம் எப்படித் திருப்பினாலும் மங்கல்தான். லென்ஸுக்குள் வெள்ளை நூல் மாதிரி ஏதோ தெரிகிறது. லென்ஸ் கெட்டுப்போய்விட்டதா? தம்பியின் நிக்கான் டி5600-இல் போட்டுப் பார்க்கலாமா?"

லென்ஸ் கெட்டுவிட்டது என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். நீங்கள் சொல்லும் நான்கு தொல்லைகளில் இரண்டு கேமரா செட்டிங்கையும் கைப்பழக்கத்தையும் சேர்ந்தவை. கோபுரம் மங்குவதற்கு அடாப்டர் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். லென்ஸை நேரடியாகத் தொடுவது அந்த வெள்ளை நூல், அதாவது பூஞ்சை, ஒன்றுதான்.

ஷட்டர் விஷயம் எளிது. ஹீலியோஸில் மின்தொடர்பு எதுவும் கிடையாது, அதனால் கேமரா தன் முன்னால் லென்ஸே இல்லை என்று நினைக்கிறது. மெனுவில் 'ரிலீஸ் வித்தவுட் லென்ஸ்' என்ற வரியைத் தேடி 'எனேபிள்' செய்யுங்கள். மோட் டயலை 'ஏ'-யில் வையுங்கள். அப்பர்ச்சரை (வெளிச்சம் நுழையும் துவாரத்தின் அளவை) நீங்கள் லென்ஸில் கையால் மாற்றுவீர்கள், ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். திரையில் அப்பர்ச்சர் எண் வராது, படத்தின் தகவலிலும் பதிவாகாது. அது கோளாறு அல்ல.

இனி கோபுரத்துக்கு வருவோம். பழைய லென்ஸை எந்த உடலில் மாட்டினாலும் முதலில் பார்க்க வேண்டியது ஒரே ஒரு அளவுதான்: லென்ஸ் உட்காரும் முகப்பிலிருந்து சென்சார் வரை உள்ள தூரம். எம்42, அதாவது உங்கள் ஹீலியோஸ் போன்ற 42 மி.மீ. திருகு லென்ஸ்களுக்கு அது 45.46 மி.மீ. சோனி இ-மவுன்ட்டில் 18 மி.மீ. மீதி 27.46 மி.மீ.யை அடாப்டர் நிரப்ப வேண்டும். அடாப்டரில் கண்ணாடி இல்லை, மின்சாரமும் இல்லை. அது வெறும் உலோகக் குழாய்தான், ஆனால் அதன் நீளம் பிசகக் கூடாது.

எவ்வளவு பிசகினால் தொல்லை? 58 மி.மீ. லென்ஸில் அடாப்டர் 0.1 மி.மீ. கூடுதலாக இருந்தால், போகஸ் வளையத்தைக் கடைசி வரை திருப்பினாலும் 33 மீட்டர் வரைதான் போகும். 0.2 மி.மீ. கூடினால் 17 மீட்டரோடு சரி. அதற்கு அப்பால் இருக்கும் எதுவும் தெளியாது. எஃப் 2-இல், அதாவது அப்பர்ச்சர் முழுக்கத் திறந்திருக்கும்போது, அந்த 0.1 மி.மீ. பிழையே தொலைவில் உள்ள ஒரு புள்ளியை உங்கள் கேமராவின் பத்துப் பதின்மூன்று பிக்சல் அகலத்துக்குப் பரப்பிவிடும். எஃப் 8-க்கு மூடினால் அது மூன்று பிக்சலாகச் சுருங்கும். ஆகவே எஃப் 2-இல் மங்கலாக இருக்கும் கோபுரம் எஃப் 8-இல் ஏறக்குறையத் தெளிந்தால், அடாப்டரின் மேல் சந்தேகப்படலாம். அகலக் கோண லென்ஸ்களில் இது இன்னும் கொடுமை. 28 மி.மீ. லென்ஸில் அதே 0.1 மி.மீ. தடிப்பு எட்டு மீட்டருக்கு அப்பால் போகவிடாது.

அடாப்டர் மெலிந்திருந்தாலும் கோபுரம் மங்கும். அப்போது போகஸ் முடிவிலியை, அதாவது மிகத் தொலைவில் உள்ளவை தெளியும் இடத்தை, தாண்டிப் போய்விடும். வளையத்தை 'டக்'கென்று முட்டும் வரை திருப்பிவிட்டு "முடிவிலி இதுதானே" என்று நம்புகிறவர்களுக்கு எல்லாப் படமும் அவுட் ஆகும். மலிவான அடாப்டர்கள் பலவற்றை வேண்டுமென்றே ஒரு மயிரிழை மெலிதாகச் செய்கிறார்கள், தடித்துப் போவதைவிட அது மேல் என்பதால். உண்மையில் மேல்தான்.

உங்களுடையது இரண்டில் எது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கேமராவை டிரைபாடில் நிறுத்துங்கள். அப்பர்ச்சரை எஃப் 2-க்குத் திறந்து, குறைந்தது அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கோபுரத்தையோ செல்போன் டவரையோ நோக்குங்கள். திரையில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் போகஸ் மேக்னிஃபையரை அதிகபட்சம், அதாவது 11.7 மடங்கு வரை கொண்டுபோங்கள். வளையத்தை முடிவிலி முட்டு வரை திருப்பி, அங்கிருந்து மெல்ல, மிக மெல்லப் பின்வாங்குங்கள். பின்வாங்கும்போது படம் தெளிந்து, பிறகு மீண்டும் மங்கினால் அடாப்டர் மெலிது. பயப்பட ஒன்றுமில்லை, வளையத்தில் எழுதியிருக்கும் தூர எண்களை நம்பாமல் திரையைப் பார்த்து போகஸ் செய்தால் போதும். முட்டில் இருக்கும்போதுதான் உள்ளதில் தெளிவு, பின்வாங்கப் பின்வாங்க மங்கல்தான் என்றால் அடாப்டர் தடிப்பு. வெர்னியர் காலிப்பர் கிடைத்தால் இரண்டு முகப்புகளுக்கும் இடையே அளந்து பாருங்கள். 27.4-க்குப் பக்கத்தில் இருந்தால் சரி, 27.5-ஐத் தாண்டினால் அதைத் திருப்பி அனுப்பிவிட்டு வேறு வாங்குங்கள். அடாப்டரின் பக்கவாட்டில் மூன்று பொடி ஸ்குரூக்கள் இருந்தால் அவை இறுக்கமாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். உள்வளையம் ஆடினாலும் இந்தத் தொல்லை வரும்.

இரண்டு அடாப்டர் மாற்றியும் தீரவில்லை என்றால் மட்டும் லென்ஸைச் சந்தேகிக்கலாம். சுத்தம் செய்கிறேன் என்று யாரோ ஒருகாலத்தில் பிரித்து, போகஸ் திருகை வேறு இழையில் ஏற்றியிருப்பார்கள். அந்தத் திருகுக்குத் தொடங்கும் இடங்கள் பல உண்டு. தவறான இடத்தில் ஏறினாலும் அழகாகச் சுழலும், ஆனால் முடிவிலி தொலைந்துவிடும். ஹீலியோஸ் 44-2-இல் போகஸ் வளையத்தைப் பிடித்திருக்கும் மூன்று சிறு ஸ்குரூக்களைத் தளர்த்தி முடிவிலி முட்டைச் சற்று நகர்த்த முடியும். தலை தேய்ந்துபோனால் பிறகு கழற்றவே முடியாது, அதனால் அளவான ஸ்குரூ டிரைவர் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை, அடுத்த லென்ஸ் வாங்கும்போது உதவும். ஃபெட், ஜோர்க்கி என்ற பழைய சோவியத் கேமராக்களின் 39 மி.மீ. திருகு லென்ஸ்களும் பழைய ஜெனித்தின் 39 மி.மீ. திருகு லென்ஸ்களும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். ஃபெட், ஜோர்க்கி லென்ஸுக்கு வேண்டிய தூரம் 28.8 மி.மீ., ஜெனித்துடையதற்கு 45 மி.மீ.க்குச் சற்று மேல். முதல் வகையை 39–42 வளையம் போட்டு எம்42 அடாப்டரில் மாட்டினால் மூக்குக்கு முன்னால் இருக்கும் பொருள் மட்டும்தான் தெளியும். லென்ஸ் பழுது என்று இதை விற்றுத் தள்ளுகிறவர்கள் உண்டு.

முகங்கள் அவுட் ஆவதற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. ஒரு மீட்டர் தூரத்தில், எஃப் 2-இல், உங்கள் சென்சாரில் இந்த லென்ஸ் தெளிவாகக் காட்டும் ஆழம் சுமார் 2 சென்டிமீட்டர். இமையில் தெளிந்தால் காதில் தெளியாது. எதிரில் இருப்பவர் மூச்சு விட்டு ஆடினாலே அந்த 2 சென்டிமீட்டர் போய்விடும். ஒன்றரை மீட்டருக்குத் தள்ளி நின்றால் அது 5 சென்டிமீட்டராகும். ஆகவே முதல் ஒரு மாதம் எஃப் 2-ஐ விட்டுவிட்டு எஃப் 2.8, எஃப் 4-இல் பழகுங்கள்.

போகஸ் பீக்கிங்கை முழுக்க நம்ப வேண்டாம். விளிம்புகளில் கான்ட்ராஸ்ட் எங்கே இருக்கிறதோ அங்கே அது வண்ணம் (சிவப்பு என்று வைத்துக்கொள்வோம்) பூசுகிறது, அவ்வளவுதான். அடர்ந்த புருவம் கண்ணைவிட முந்திக்கொண்டு சிவக்கும். அதன் அளவை 'லோ'-வில் வையுங்கள். 'ஹை'-யில் வைத்தால் முகம் முழுக்கச் சிவந்து ஒன்றும் புரியாது. ரா-வில் (சென்சார் தருவதை அப்படியே சேமிக்கும் கோப்பு வகை) எடுத்து, கிரியேட்டிவ் ஸ்டைலைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிவிட்டால் சாம்பல் நிறத் திரையில் சிவப்பு பளிச்சென்று தெரியும். ரா கோப்பில் வண்ணம் அப்படியே இருக்கும்.

இறுதித் தீர்ப்பு மேக்னிஃபையரிடம்தான். அதைக் கட்டைவிரல் எட்டும் ஒரு பொத்தானில் வைத்து, அது விலகும் நேரத்தை 'நோ லிமிட்' என்று மாற்றுங்கள். 5.9 மடங்கில் கருவிழியைத் தேடுங்கள். வளையத்தால் ஏறக்குறையக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, மிச்ச ஒரு சென்டிமீட்டரை உங்கள் உடம்பை முன்னும் பின்னும் மெல்லச் சாய்த்துப் பிடியுங்கள். வளையத்தைத் திருப்புவதைவிட இது வேகம். மூன்று படம் தொடர்ந்து எடுங்கள், ஒன்றாவது விழும்.

லென்ஸில் முன்பக்கம் இரண்டு அப்பர்ச்சர் வளையங்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று ஒவ்வோர் எண்ணிலும் நின்று நின்று போகும், மற்றது வழுக்கிக்கொண்டு ஓடும். முதல் வளையத்தில் வேண்டிய எண்ணை, எஃப் 8 என்று வைத்துக்கொள்வோம், நிறுத்திவிட்டால் இரண்டாவது வளையம் எஃப் 2-இலிருந்து எஃப் 8 வரைதான் ஓடும். திறந்து வைத்து போகஸ் செய்து, கண்ணை எடுக்காமல் முட்டும் வரை மூடிவிட்டு எடுக்கலாம். எஃப் 4 வரைக்கும் இந்த வேலை தேவையில்லை, எடுக்கப்போகும் அப்பர்ச்சரிலேயே போகஸ் செய்யுங்கள். சில பழைய லென்ஸ்களில் மூடும்போது போகஸ் லேசாக நகரும், அதிலிருந்தும் தப்பிக்கலாம்.

ஏ6400-இல் உடலுக்குள் நடுக்கத் தடுப்பு இல்லை. அதன் சென்சாரில் 58 மி.மீ. என்பது 87 மி.மீ. போல நடந்துகொள்ளும். ஐஎஸ்ஓ ஆட்டோவில் குறைந்தபட்ச ஷட்டரை 1/250 என்று கட்டிவிடுங்கள். போகஸ் அவுட் என்று நினைத்து ஒதுக்கிய படங்களில் சில கை நடுக்கமாகவும் இருந்திருக்கும்.

கார்ல் ஜெய்ஸ் ஜெனாவின் பையோட்டாரை ஒட்டிச் செய்த இந்த லென்ஸை உலகம் தேடுவது பின்னணி இலைகள் சுழல்வதுபோல் தெரியும் அந்த அழகுக்காக. அது ஓரங்களில்தான் அதிகம், உங்கள் சென்சார் ஓரங்களை வெட்டிவிடுகிறது. ஆள் ஒன்றரை மீட்டரில், அவருக்குப் பின்னால் நான்கைந்து மீட்டர் தள்ளி வெயில் ஊடுருவும் வேப்பமரம், எஃப் 2 என்று அமைத்தால் கொஞ்சம் கிடைக்கும். முழுதாக வேண்டுமென்றால், லென்ஸின் படத்தைச் சுருக்கி உங்கள் சென்சாருக்குள் அடக்கும் 0.71 மடங்கு குறைப்பான் கண்ணாடி வைத்த அடாப்டர் வேண்டும். விலை கூடுதல், மலிவானவற்றில் ஓரம் குழையும். ஆறு மாதம் இந்த லென்ஸோடு பழகிய பிறகு அதை யோசிக்கலாம். அதற்கு முன் வாங்க வேண்டியது 49 மி.மீ. திருகு உள்ள ஆழமான ஹூட் (பக்க வெளிச்சத்தை மறைக்கும் குழல்). லென்ஸ் கண்ணாடியின் பழைய பூச்சு எதிர்வெளிச்சத்தில் பால் போல வெளுத்துவிடும். அடாப்டரின் உட்சுவர் பளபளவென்று இருந்தாலும் இதே வெளுப்பு வரும். மாட்டிய லென்ஸை ஜன்னல் பக்கம் திருப்பி முன்னாலிருந்து எட்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி மினுங்கினால் மேட் கறுப்பு வெல்வெட் ஒட்டுத்தாள் ஒரு துண்டு போதும்.

பூஞ்சை விஷயத்துக்கு வருகிறேன். அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். ஓரத்தில் நாலைந்து நூல் என்றால் படத்தில் தெரியவே தெரியாது, எடுத்துக்கொண்டே இருங்கள். நடுவில் சிலந்தி வலை போலவோ புகை போலவோ படர்ந்திருந்தால் கான்ட்ராஸ்ட் விழும். லென்ஸ் பழுது பார்க்கத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். நாள் கடந்தால் பூஞ்சை பூச்சைத் தின்றுவிடும். பிறகு துடைத்தாலும் வடு நிற்கும். அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய் மினுங்கினால் இந்த லென்ஸில் கவலை வேண்டாம், அதைத் திறந்து மூடுவது ஸ்பிரிங் அல்ல, உங்கள் விரல். போகஸ் வளையம் இறுகியிருந்தாலும் துரு நீக்கும் ஸ்பிரே மட்டும் அடிக்காதீர்கள். அது பழைய கிரீஸைக் கரைத்துக் கண்ணாடி மேலேயே கொண்டுபோய்ப் படியவிடும்.

கடற்கரை ஊரில் இருக்கிறீர்கள், ஐப்பசி கார்த்திகை மழையில் பீரோவுக்குள்ளேயே துணி நாறும். அப்பாவின் தோல் உறையை நினைவுக்காக வைத்துக்கொள்ளுங்கள், லென்ஸை அதற்குள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூஞ்சைக்குச் சோறு போடும். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி போதும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நின்றால் நல்லது. ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடுங்கள். அரிசியில் புதைக்கும் வழக்கம் வேண்டாம். தவிடும் தூளும் வளைய இடுக்கில் போய் உட்காரும்.

தம்பியின் டி5600-இல் இதைப் போட முடியும், ஆனால் பிரயோஜனம் குறைவு. நிக்கான் எஃப் மவுன்ட்டின் தூரம் 46.5 மி.மீ., எம்42-க்கு வேண்டியதைவிட 1.04 மி.மீ. அதிகம். தடிப்பே இல்லாத அடாப்டர் என்று ஒன்று இருந்தால்கூட மூன்று மீட்டருக்கு அப்பால் தெளியாது. அதைச் சரிசெய்ய நடுவில் கண்ணாடி வைத்த அடாப்டர் விற்கிறார்கள். மலிவான அந்தக் கண்ணாடி எஃப் 2-இல் படத்தைக் குழப்பிவிடும், வாங்க வேண்டாம். மாறாக, தம்பியிடம் பழைய மேனுவல் நிக்கான் லென்ஸ் ஏதாவது இருந்தால் அதை நீங்கள் கேட்டு வாங்குங்கள். டி5600 அதற்கு லைட் மீட்டர் தராது, 'எம்' மோடில் குத்துமதிப்பாகத்தான் எடுக்க வேண்டும். உங்கள் சோனியில் 28.5 மி.மீ. நீள அடாப்டர் ஒன்றோடு, ஹீலியோஸுக்குச் சொன்ன அதே செட்டிங்கில், அது முடிவிலி வரை வேலை செய்யும்.