ஒதுக்கின பணம் எங்க போச்சு?

கேள்வி: பிஎல்ஐ (உற்பத்தியோட இணைச்ச ஊக்கத்தொகை) திட்டத்துக்கு 1.97 லட்சம் கோடின்னு சொன்னாங்க, ஆனா லோக்சபாவுல அமைச்சர் சொன்ன கணக்குல கம்பெனிகளுக்கு இதுவரை குடுத்தது ரொம்ப கம்மியா இருக்கே, மீதி எங்க சார்?
- வாசகர், ஓசூர்

பதில்: மீதி எங்கயும் போகலங்க. 14 துறைகளுக்கு அறிவிச்ச அந்தத் தொகை பல வருஷத்துக்கான மொத்த வரம்பு, கம்பெனி முதல்ல முதலீடு போட்டு, ஒப்பிட வெச்சிருக்கிற அடிப்படை வருஷத்தை விட கூடுதலா வித்துக் காட்டி, அப்புறம் க்ளெய்ம் பண்ணாத்தான் பணம் வரும், அதனால ஒதுக்கீடும் செலவும் ஒண்ணா இருக்காது. அதுக்காக கேள்வி கேக்கிறதை விட்டுடக் கூடாது, எந்தத் துறை பின்தங்குதுன்னு எம்.பி.ங்க துருவித் துருவி கேக்கணும்.

நட்சத்திரக் கேள்வியா இருந்தா அமைச்சர் எழுந்து வாயால பதில் சொல்லணும், துணைக் கேள்வியும் கேக்கலாம், ஆனா ஒரு நாளைக்கு 20 கேள்வி லிஸ்ட்ல இருந்தாலும் கேள்வி நேரம்னு ஒதுக்கின அந்த ஒரு மணி நேரத்துல சிலது தான் அவைக்கு வருது, எனக்கு அது பெரிய வருத்தம். மத்ததுக்கு எழுத்துல பதில். இன்னொண்ணு, "தகவல் சேகரிக்கப்படுகிறது"ன்னு அமைச்சர் சொல்லிட்டா அது அவைக்குக் குடுத்த உறுதிமொழிக் கணக்குல சேரும், 3 மாசத்துல நிறைவேத்தணும், அதைக் கண்காணிக்க தனிக் குழுவே இருக்கு. உங்க எம்.பி.க்கு எழுதுங்க, எந்தத் துறைன்னு குறிப்பிட்டே எழுதுங்க.