சங்கம் பெற்ற கட்சியும் கட்சி பெற்ற சங்கமும்

கேள்வி: எங்கள் ஆலை வாயிலில் நான்கு கட்சிகளின் கொடிகள் பறக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சங்கம் இருக்கிறது. ஊதிய ஒப்பந்தப் பேச்சுவார்த்தை வந்தால் நான்கும் நான்கு பக்கம் இழுக்கின்றன. நான் சந்தா கட்டும் சங்கம் சார்ந்திருக்கும் கட்சிக்கு நான் ஒருபோதும் வாக்களித்ததில்லை. தொழிற்சங்கங்கள் அரசியலை அடியோடு விட்டுவிட்டுக் கூலி, போனஸ், பணிப் பாதுகாப்பு ஆகியவற்றோடு நின்றுகொண்டால் தொழிலாளிக்கு நல்லதல்லவா?
(ஒரு வாசகர், அம்பத்தூர்)

பதில்: உங்கள் கோபம் நியாயமானது; ஆனால் அதிலிருந்து நீங்கள் எட்டியிருக்கும் முடிவு தவறானது. கூலியோடு மட்டும் நின்றுகொள்ள விரும்பிய சங்கங்கள் உலகில் ஏராளமாக இருந்திருக்கின்றன. அவற்றை அப்படி நிற்கவிடாமல் செய்தவை நீதிமன்றங்களும் சட்டமன்றங்களும்தாம். வேலைநிறுத்தம் செய்யலாமா, மறியல் செய்யலாமா, சங்கத்தின் பணத்தை முதலாளி பறிமுதல் செய்யலாமா என்பவற்றையெல்லாம் தீர்மானிப்பது சட்டம். சட்டத்தை இயற்றும் அவையில் தமக்கு ஆளில்லாதவர்கள், ஆலை வாயிலில் எவ்வளவு பலத்தோடு நின்றாலும், வென்றதை ஒரே தீர்ப்பில் இழக்க நேரிடும். பிரிட்டனில் தொழிலாளர் கட்சி பிறந்த கதை இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

அங்கே 1871இல் தொழிற்சங்கங்கள் சட்டப்படி அங்கீகரிக்கப்பட்டன. 1875இல் அமைதியான மறியலுக்கும் இடம் கிடைத்தது. இவை போதும் என்றே பெரிய சங்கங்கள் கருதின. 1874 முதல் சுரங்கத் தொழிலாளர்கள் சிலர் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்திருந்தாலும், அவர்கள் லிபரல் கட்சியின் நிழலில்தான் அமர்ந்திருந்தார்கள். ஸ்காட்லாந்துச் சுரங்கத் தொழிலாளியான கீர் ஹார்டி, தொழிலாளருக்குத் தனிக் கட்சி வேண்டும் என்று வாதாடி, 1893இல் பிராட்ஃபோர்டு நகரில் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில் நடந்த பொதுத்தேர்தலில் அக்கட்சியின் வேட்பாளர்கள் 28 பேரும் தோற்றார்கள். ஹார்டியும் தம் தொகுதியை இழந்தார். கொள்கை இருந்தது, பேச்சாளர்கள் இருந்தார்கள். சங்கங்களின் உறுப்பினர் பலமும் நிதியும் அவர்கள் பக்கம் இல்லை.

1899இல் பிளிமத் நகரில் கூடிய, பிரிட்டனின் சங்கங்களுக்கெல்லாம் பொதுவான தொழிற்சங்கக் காங்கிரசின் மாநாட்டில், ரயில்வே ஊழியர் சங்கம் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தது. நாடாளுமன்றத்தில் தொழிலாளர் பிரதிநிதிகளின் எண்ணிக்கையைப் பெருக்குவதற்குச் சங்கங்களும் சோஷலிச அமைப்புகளும் கூடி வழிகாண வேண்டும் என்பது அதன் சாரம். நிலக்கரி, பருத்தி ஆலைச் சங்கங்கள் எதிர்த்தன. தங்கள் உறுப்பினர்கள் ஒரே பகுதிகளில் குவிந்து வாழ்ந்ததால், சுரங்கச் சங்கங்கள் லிபரல்களுடன் பேரம் பேசியே இடங்களைப் பெற முடிந்தது. அவற்றுக்குப் புதுக் கட்சி அவசரமாகத் தோன்றவில்லை. ஆயினும் தீர்மானம் நிறைவேறியது. 1900 பிப்ரவரி 27 அன்று லண்டன் ஃபாரிங்டன் தெருவிலிருந்த நினைவு மண்டபத்தில் 129 பிரதிநிதிகள் கூடி, தொழிலாளர் பிரதிநிதித்துவக் குழுவை அமைத்தார்கள். ராம்சே மெக்டொனால்ட் செயலாளரானார். அவ்வாண்டுத் தேர்தலில் அக்குழு வென்றவை இரண்டே இடங்கள்: மெர்தர் டிட்வில் தொகுதியில் ஹார்டி, டார்பி தொகுதியில் ரயில்வே சங்கத்தின் ரிச்சர்ட் பெல்.

குழுவை வளர்த்தது ஒரு வழக்கு. 1900 ஆகஸ்டில் தெற்கு வேல்ஸில் டாஃப் வேல் ரயில்வே கம்பெனித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனி வெளியூரிலிருந்து மாற்று ஆட்களை இறக்கியது. சங்கம் அவர்களைத் தடுக்க மறியல் செய்தது. வேலைநிறுத்தம் பதினோரு நாளில் சமரசமாக முடிந்துவிட்டது. ஆனால் கம்பெனி, தனிமனிதர்களோடு நிற்காமல் சங்கத்தின் மீதே வழக்குத் தொடுத்திருந்தது. 1901 ஜூலையில், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் சபை, சங்கத்தின் நிதியிலிருந்தே நட்ட ஈடு வசூலிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. ரயில்வே சங்கம் 23,000 பவுண்டு நட்ட ஈடு கட்டியது; வழக்குச் செலவு தனி. இனி எந்தச் சங்கம் எந்த வேலைநிறுத்தத்தை அறிவித்தாலும், அதனால் முதலாளிக்கு ஏற்படும் இழப்பைத் தொழிலாளி சேர்த்த சந்தாவிலிருந்தே கொடுக்க வேண்டும் என்ற நிலை உருவானது. வேலைநிறுத்த உரிமை ஏட்டில் இருந்தது; அதைப் பயன்படுத்தினால் சங்கமே திவாலாகும். 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு வரியும் திருத்தப்படாமலே இது நடந்தது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

அதுவரை ஒதுங்கியிருந்த சங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. 1901 தொடக்கத்தில் குழுவோடு இணைந்திருந்த உறுப்பினர்கள் ஏறத்தாழ 3,75,000 பேர். இரண்டு ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை 8,60,000ஐத் தாண்டியது. 1903இல் நியூகாசில் மாநாடு உறுப்பினர் தலைக்கு ஆண்டுக்கு ஒரு பென்னி வீதம் நிதி திரட்டி, அப்போது சம்பளமே இல்லாத நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஆண்டுக்கு 200 பவுண்டு வழங்க ஏற்பாடு செய்தது. பதிலுக்கு, பிற கட்சிகளோடு சேர மாட்டேன் என்ற உறுதிமொழியைக் கேட்டது. ரிச்சர்ட் பெல் அதில் கையெழுத்திட மறுத்து, பின்னர் லிபரல்களோடு போய்ச் சேர்ந்தார். 1906 தேர்தலில் குழுவின் சார்பில் 29 பேர் வென்றார்கள்; குழு தொழிலாளர் கட்சி என்ற பெயரை ஏற்றது. அவ்வாண்டே தொழில் தகராறுச் சட்டம் நிறைவேறி, டாஃப் வேல் தீர்ப்பின் விளைவைத் துடைத்தது. ஆளும் லிபரல் அரசு தயாரித்திருந்த மசோதா இதைவிட வலுக்குறைந்தது. தொழிலாளர் உறுப்பினர்கள் கொண்டுவந்த மசோதாவையே ஏற்கும்படி அவர்கள் பிரதமரை நெருக்கினார்கள்.

உங்கள் சந்தாவைப் பற்றிய கேள்விக்கும் அந்த வரலாற்றில் இடமுண்டு. அதே ரயில்வே சங்கத்தின் வால்தம்ஸ்டோ கிளைச் செயலாளரும் லிபரல் ஆதரவாளருமான ஆஸ்பார்ன் என்பவர், என் பணத்தைத் தொழிலாளர் கட்சிக்குச் செலவிட உங்களுக்கு என்ன உரிமை என்று வழக்குத் தொடுத்து, 1909 டிசம்பரில் பிரபுக்கள் சபையில் வென்றார். கட்சி நிதியின்றித் தவித்தது. 1911இல் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அரசே சம்பளம் வழங்கத் தொடங்கியது. 1913ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் ஒரு நேர்மையான தீர்வைக் கண்டது: அரசியல் நிதி வேண்டுமா என்று உறுப்பினர்களிடம் இரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும், நிதியைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும், விரும்பாதவர் எழுதிக்கொடுத்து விலகிக்கொள்ளலாம், விலகியதற்காக அவரை எந்தச் சலுகையிலிருந்தும் ஒதுக்கக் கூடாது. ஆஸ்பார்னின் நோக்கம் எதுவாயினும், அவர் எழுப்பிய கேள்வி தொழிலாளியின் கேள்விதான் என்றே நான் நினைக்கிறேன்.

சொந்தக் கட்சி இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. 1927இல் கன்சர்வேட்டிவ் அரசு அந்த அரசியல் நிதி விதியைத் தலைகீழாக்கியது: எழுதிக்கொடுத்துச் சேர்ந்தவரிடம் மட்டுமே நிதி வாங்கலாம் என்றானது. அது நீங்க 1946 வரை காத்திருக்க நேர்ந்தது. 1931இல் பிரதமராக இருந்த மெக்டொனால்டே வேலையற்றோர் உதவித்தொகையைக் குறைக்க முற்பட்டார். அப்போது தொழிற்சங்கக் காங்கிரசின் பொதுக்குழு முடியாது என்று நேருக்கு நேர் மறுத்தது; அமைச்சரவை பிளந்தது. எதிர்க்கட்சிகளோடு சேர்ந்து ஆட்சி அமைத்த மெக்டொனால்டைக் கட்சி வெளியேற்றியது. அடுத்து வந்த தேர்தலில் 52 இடங்களே மிஞ்சும் அளவுக்குப் பெரிய விலை கொடுக்க நேர்ந்தது. ஆனாலும் தங்கள் தலைவர் பிரதமராக இருந்தபோதே சங்கங்களால் மறுத்துப் பேச முடிந்தது. ஏனெனில் மாநாட்டின் வாக்குகளும் கட்சியின் நிதியும் பெரும்பாலும் அவற்றின் கையில் இருந்தன.

இனி நம் ஊருக்கு வருவோம். 1918இல் பி. பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. பஞ்சாலை முதலாளியான பின்னி கம்பெனி உயர்நீதிமன்றத்தில் அதன் தலைவர்கள் மீது தடையாணை பெற்றது. டாஃப் வேலில் நடந்ததே சென்னையிலும் நடந்தது. அந்த அனுபவமும் சேர்ந்துதான் 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழிவகுத்தது. அச்சட்டத்தின் 16ஆம் பிரிவு, அரசியல் செலவுக்குத் தனி நிதி, அதற்குத் தனிச் சந்தா, கட்டாயமின்மை என்று பிரிட்டனின் 1913ஆம் ஆண்டு ஏற்பாட்டையே பெரிதும் ஒத்திருந்தது. தனிச் சந்தாவைத் தாமாக முன்வந்து கட்டியவர் மட்டுமே அதில் சேர்ந்தார் என்ற வகையில் அது ஒரு படி மேலானதுகூட.

ஆனால் சட்டம் வந்த அளவுக்கு வழக்கம் வரவில்லை. பிரிட்டனில் சங்கங்கள் கூடிக் கட்சியைப் பெற்றன. இங்கே கட்சிகள் சங்கங்களைப் பெற்றன. 1920இல் ஏ.ஐ.டி.யு.சி. (அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸ்) ஒரே குடையாகத் தொடங்கியது. விடுதலைக்கு முந்திய மாதங்களில், 1947 மே மாதம், காங்கிரஸ் தலைவர்கள் ஐ.என்.டி.யு.சி.யைத் தனியே அமைத்தார்கள். கம்யூனிஸ்ட் கட்சி 1964இல் பிளந்தது, 1970இல் மார்க்சிஸ்ட் பிரிவின் சி.ஐ.டி.யு. உருவானது. பின்னர் மாநிலக் கட்சிகளும் தத்தமக்கு ஒரு தொழிற்சங்கப் பேரவையை வைத்துக்கொண்டன. அந்தச் சங்கங்களில் உயிரைக் கொடுத்து உழைத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கட்சி உடையும்போது சங்கமும் உடைகிறது. கட்சி ஆட்சிக்கு வந்தால், அதன் சங்கம் அதே அரசின் தொழிலாளர் துறைக்கு எதிராகக் குரல் உயர்த்தத் தயங்குகிறது. உங்கள் ஆலை வாயிலில் நிற்கும் நான்கு கொடிகள் இப்படி வந்தவை. எனவே சங்கம் அரசியலில் இருப்பதை நோயாகக் கொள்ளாதீர்கள். அந்த அரசியலை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதில்தான் நோய் இருக்கிறது.

சங்கத்தை விட்டு விலகி நிற்பது உங்களுக்கு உதவாது. அடுத்த பொதுக்குழுவுக்குப் போங்கள். வரவு செலவு அறிக்கையில் கட்சிப் பணிகளுக்கான செலவு தனிக் கணக்கில் இருக்கிறதா, அதற்கு உறுப்பினர்களின் ஒப்புதல் எப்போது பெறப்பட்டது என்று எழுத்து மூலம் கேளுங்கள். ஒப்பந்தத் தொழிலாளர் முறையைப் பற்றிச் சட்டமன்றத்தில் நம் கட்சியின் உறுப்பினர்கள் என்ன பேசினார்கள், எப்படி வாக்களித்தார்கள் என்ற அறிக்கையை ஆண்டுதோறும் தலைமை வாசிக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். மற்ற மூன்று சங்கங்களிலும் இதே தீர்மானத்தைக் கொண்டுவர ஆள் கிடைப்பார்கள். அவர்களும் உங்களோடு அதே ஷிப்டில்தான் வேலை செய்கிறார்கள்.