பேட்டரிக்குக் கீழே பாருங்கள்!

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறேன். ‘பிரிங் எ டிரெய்லர்’ ஏலத் தளத்தில் 1973 டாட்சன் 240இசட் (ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. கார் கலிஃபோர்னியாவில். படங்களை நம்பி ஏலம் கேட்கலாமா?

பதில்: எந்த இடத்துப் படம் என்பதுதான் முக்கியம். பளபளக்கும் பானெட்டைப் பத்துக் கோணத்தில் காட்டினாலும் பயனில்லை. இந்தக் காருக்கு எமன் துரு. பேட்டரியை இறக்கி வைத்துவிட்டு, அது உட்காரும் தட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஆசிட் சொட்டி முதலில் அந்தத் தட்டு அரிக்கும். பிறகு அதற்குக் கீழே உள்ள தகடும் சட்டமும். அடுத்து, காரின் அடிப்பக்கம், பின்சக்கர வளைவுக்கு முன்னாலுள்ள மூலை. அங்கே அண்டர்கோட்டிங் (துரு பிடிக்காமல் அடியில் அடிக்கும் பூச்சு) மட்டும் புதுக் கறுப்பாக மினுங்கினால் உஷார்: உள்ளே பட்டி பூசியிருக்கலாம்.

சேசிஸ் எண் எச்எல்எஸ்30 என்று தொடங்க வேண்டும். பானெட்டுக்குள் இருக்கும் தகட்டில் உள்ள எஞ்சின் எண்ணும், எல்24 எஞ்சினின் பிளாக்கில் அடித்திருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். வேறாக இருந்தால் கார் ஓடும், விலைதான் இறங்கும். 73இல் வந்த தட்டைத்தலை கார்புரேட்டர்கள் சூட்டில் மக்கர் செய்யும். பலர் முந்தைய ஆண்டுகளின் உருண்டைத்தலை எஸ்யூ வகைக் கார்புரேட்டரை மாட்டிவிட்டார்கள். அதைக் குறையாகச் சொல்லி விலை பேச வேண்டாம், தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

அந்த ஊர் மெக்கானிக்குக்குச் சில நூறு டாலர் கொடுத்து, ஏலம் முடியும் முன்பே லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். டைட்டிலில், அதாவது காரின் உரிமைப் பத்திரத்தில், இருப்பது விற்பவர் பெயர்தானா என்பதையும் கேளுங்கள். இடையில் யாரோ பெயர் மாற்றாமல் கைமாற்றியிருந்தால், பதிவு செய்யும்போது நீங்கள்தான் அலைவீர்கள்.

கடைசி நொடியில் கேட்டுத் தட்டிவிடலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது. கடைசி 2 நிமிடத்துக்குள் யார் கேட்டாலும் கடிகாரம் மறுபடி 2 நிமிடத்துக்குப் போய்விடும். 30,000 டாலருக்கு எடுத்தால் தளத்துக்கு 5%, அதாவது 1,500 டாலர் தனி. நாட்டின் அந்தக் கோடியிலிருந்து கொண்டுவரும் லாரி வாடகையும் உண்டு. எல்லாவற்றையும் கழித்துவிட்டு உச்ச விலையை முதலிலேயே எழுதி வையுங்கள்.

கேள்வி: நான் விற்பவன். ரிசர்வ் விலை (இதற்குக் கீழே விற்க மாட்டேன் என்ற குறைந்தபட்ச விலை) வைக்கலாமா?

பதில்: வைக்கலாம், குறைவாக. ரிசர்வைத் தொடாமல் ஏலம் முடிந்தால் கார் உங்களிடமே இருக்கும். ஆனால் கடைசியாகக் கேட்ட தொகை தளத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி நிற்கும். அடுத்து வருபவர் பேச்சை அங்கிருந்துதான் தொடங்குவார்.