குளக்கரையில் கூஸ் கூடு: முட்டையை விடுங்கள், புல்லைப் பாருங்கள்

கேள்வி: ஒன்ராறியோவில் நகரத்துக்கு வெளியே, குளத்தோடு ஒரு வீடு வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. இந்த ஏப்ரலில் ஒரு சோடி கனடா கூஸ் (வாத்து இனத்துப் பெரிய காட்டுப் பறவை) கரையில் கூடு கட்டிவிட்டது. ஷெட்டுக்குப் போகும் பாதையிலிருந்து பத்தடிதான் இருக்கும். ஆண் பறவை சீறிக்கொண்டு ஓடிவருகிறது. ஆறு வயது மகளும் என் மாமியாரும் பின்வளவுக்குப் போகவே பயப்படுகிறார்கள். புல்தரை முழுக்க எச்சம். முட்டைகளை எடுத்துவிடலாமா? இனி வருடா வருடம் வருமா?

பதில்: முட்டையில் கை வைக்காதீர்கள். காணியும் குளமும் உங்களுடையவை, ஆனால் அந்தக் கூடு சட்டத்தின் காவலில் இருக்கிறது. வலசைப் பறவைகளுக்காக 1916இல் போட்ட ஒப்பந்தத்தை ஒட்டி கனடாவில் 1994இன் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. கூட்டைக் கலைக்கவோ முட்டையை எடுக்கவோ கனடிய வனவிலங்குச் சேவையின் அனுமதி வேண்டும்.

அனுமதி வாங்கியவர்கள்கூட முட்டையை எடுப்பதைவிட அதற்கு எண்ணெய் பூசுவதையே விரும்புவார்கள். எடுத்தால் பெண் பறவை மறுபடியும் முட்டையிடக்கூடும். எண்ணெய் பூசினால் ஓட்டின் நுண்துளைகள் அடைபட்டுக் கரு வளராது, அது தெரியாமல் தாய் அடைகாத்துக்கொண்டிருக்கும். தண்ணீரில் இட்டால் மிதக்கும் முட்டையில் குஞ்சு நன்றாக வளர்ந்திருக்கும், அதைப் பூசாமல் விட்டுவிட வேண்டும். ஒரே ஒரு சோடிக்காக இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

கணக்கைப் பாருங்கள். ஒரு கூட்டில் பெரும்பாலும் ஐந்தாறு முட்டை. கடைசி முட்டையும் இட்ட பிறகுதான் அடைகாப்பு தொடங்கும். அதிலிருந்து ஏறக்குறைய 28 நாளில் எல்லாக் குஞ்சும் ஒன்றாகப் பொரிக்கும். பொரித்து ஒரு நாளைக்குள் குடும்பமே கூட்டை விட்டு இறங்கிவிடும். ஆக, பெண் பறவை கூட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது என்றால், ஷெட் பாதைப் பிரச்சினைக்கு மிஞ்சிப்போனால் நான்கு கிழமைதான் ஆயுள்.

அதுவரை பாதையை மாற்றிவிடுங்கள். புல் வெட்டும் மெஷினையும் மண்வெட்டியையும் இன்றே வெளியே எடுத்து வையுங்கள். மாற்றுப் பாதைக்கு வழியே இல்லை என்றால் கூட்டுக்கும் பாதைக்கும் நடுவே பலகையோ தார்ப்பாயோ நிறுத்தி மறைத்தாலும் பலன் உண்டு. ஆனால் கூட்டை ஒட்டி நிறுத்தாமல் பாதையோரமாக நிறுத்துங்கள்.

ஆண் கூஸ் சும்மா பாயாது, முதலில் எச்சரிக்கும். தலையை மேலும் கீழும் ஆட்டும், கழுத்தைத் தாழ்த்தி நீட்டும், சீறும். அந்த நேரத்தில் முதுகைக் காட்டி ஓடினால் துரத்தி வரும். அதன் முகத்தைப் பார்த்தபடி, கத்தாமல், கையை வீசாமல், மெதுவாகப் பின்னால் நகர வேண்டும். மகளுக்கு இதை ஒரு விளையாட்டுப்போல இரண்டு முறை பழக்கிவிடுங்கள். இறக்கை அடி வலிக்கும், என் முழங்காலிலேயே வாங்கியிருக்கிறேன். ஆனால் மாமியார் வயதில் உள்ளவர்களுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து, பதறி ஓடி விழுவது. கையில் ஒரு குடை இருக்கட்டும். முன்னால் விரித்துப் பிடித்தால் நல்ல கேடயம். நாய் இருந்தால் கட்டாயம் கயிற்றில்.

இனி எச்சம். தமிழ்நாட்டுப் பறவைச் சரணாலயங்களான வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று ஊரே பறவைகளைக் காக்கிறது. அங்கே தண்ணீர் வயலுக்குப் பாய்ந்துவிடுகிறது. உங்கள் குளம் தேங்கி நிற்பது, அதே நைட்ரஜனும் பொஸ்பரஸும் இங்கே பாசியாகத்தான் திரும்பி வரும். கோடையில் குளத்து நீரைப் பம்பு வைத்து மரங்களுக்கும் பூஞ்செடிகளுக்கும் பாய்ச்சுங்கள். பச்சையாகச் சாப்பிடும் கீரைக்கு மட்டும் வேண்டாம், எச்சத்தில் கிருமி இருக்கும். தரையில் கிடப்பதைக் கையுறை போட்டு அள்ளுங்கள்.

குஞ்சு பொரித்ததும் எல்லாம் முடிந்துவிடாது. குஞ்சுகள் பறக்க ஒன்பது பத்துக் கிழமை ஆகும். நடுவில் ஜூன், ஜூலையில் பெரிய பறவைகளும் இறகு உதிர்த்து நாலைந்து கிழமை பறக்க முடியாமல் இருக்கும். அப்போது எவ்வளவு விரட்டினாலும் அவற்றால் போக முடியாது. ஆனால் அதே காரணத்தால், மூன்றடி உயர வேலி ஒன்றே அவற்றைத் தடுத்துவிடும். வீட்டுப் பக்கக் கரையில் மட்டும் வேலி போடுங்கள். எதிர்க்கரைப் புல்லை அவற்றுக்கு விட்டுவிடுங்கள்.

அடுத்த வருடமும் வருமா? பெரும்பாலும் வரும். கூடு வெற்றி பெற்ற இடத்துக்கே அதே சோடி திரும்புவது வழக்கம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தப் பெரிய கனடா கூஸ் வகை அழிந்தே போய்விட்டது என்று 1950களில் நம்பியிருந்தார்கள். 1962இல் மினசோட்டாவின் ரொச்செஸ்டரில் ஹரல்ட் ஹான்சன் என்ற உயிரியலாளர் அதை மறுபடி கண்டுபிடித்தார். தெற்கு ஒன்ராறியோவில் மனிதர்களே கொண்டுவந்து விட்டுப் பெருக்கினார்கள். அப்புறம் நாமே ஊரெங்கும் புல்தரை போட்டு விருந்தும் வைத்தோம்.

ஒட்ட வெட்டிய இளம்புல்லும், தண்ணீர் வரை மறைப்பில்லாத பார்வையும்தான் கூஸுக்குப் பிடித்தவை. நரியோ கயோட்டியோ (ஓநாய் போன்ற காட்டு விலங்கு) வந்தால் தூரத்திலேயே தெரிய வேண்டும் அதற்கு. ஆகவே இந்தக் கோடையிலிருந்தே கரையோரம் இருபதடி அகலத்துக்குப் புல் வெட்டுவதை நிறுத்துங்கள். செப்டெம்பரில் அங்கே உயரமாக வளரும் உள்ளூர்ப் புல்லும் குறுஞ்செடிகளும் நடுங்கள். இடுப்பளவு வளர்ந்த புல்லுக்குள் நுழையக் கூஸ் தயங்கும். பிளாஸ்டிக் அன்னத்தையும் கயோட்டி பொம்மையையும் வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். சில நாளில் அவற்றுக்குப் பக்கத்திலேயே நின்று மேயும். உண்மையில் விரட்ட வேண்டிய காலம் மார்ச், சோடி இடம் பார்த்து வரும்போது. கூடோ முட்டையோ இல்லாத அந்த நாட்களில் தினமும் காலையும் மாலையும் கைதட்டிக்கொண்டு கரையைச் சுற்றி நடந்தால் பல சோடிகள் வேறு குளம் தேடிவிடும். முதல் முட்டை கண்ணில் பட்ட அன்றே நிறுத்திவிட வேண்டும்.

யாராவது பாண் துண்டு போடுகிறார்களா என்றும் பாருங்கள். போட்டால் இந்த வேலை எதுவும் பலிக்காது. செத்த அல்லது தள்ளாடும் பறவையைக் கண்டால் தொடாமல் கனடிய வனவிலங்கு சுகாதாரக் கூட்டுறவு அமைப்புக்குச் சொல்லுங்கள், பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். வளவில் கோழி வளர்ப்பதாக இருந்தால் குளக்கரைப் பக்கம் அவற்றை விட வேண்டாம்.